பேர்ணடெட்டுக்கு வசனம் இல்லையாம்

...நாடகத்தில எனக்கு ஒரு வசனம் இல்லையாம் பிள்ளை! ஒண்டு! ஒரு 'ஹலோ' கூட இல்லையாம்! ரெலிபோன் அடிக்குமாம், நான் போய் எடுப்பனாம், காதில வைப்பனாம், பிறகு... ஒண்டுமில்லையாம். சும்மா நிப்பனாம். ஆர்? நான்! இந்தப் பேர்ணடெட்! நீர் இந்தப் பக்கத்துக்குப் புதுசு, உமக்குத் தெரியாது. ஒக்லண்டில எந்தத் தமிழ்ச் சனத்திட்டயும் கேட்டுப் பாரும், கிளென் ஈடன் டெயரிக் கடைக்காரி பேர்ணடெட் வாயை மூடினதை ஆரும் கண்டிருக்கினமோ எண்டு. என்ர கலியாணத்தில சுவாமியார் 'சம்மதமோ' எண்டு கேட்டதுக்கே நான் ரெண்டு நிமிசம் மறுமொழி சொன்னனான். இவர் அன்றூ, பாவம், தன்ர முறை வரேக்க தலையை மட்டும் ஆட்டினவர். இண்டைக்கும் அதைத்தான் செய்யிறார்.

என்ன, போன் கார்ட் தானே கேட்டனீர்? தாறன், இரும். உந்தச் சிவப்பு வேண்டாம், ஊருக்கு எடுத்தா பாதியில அறுந்துபோம். நீலம் எடும். அதிலதான் குரல் கிட்டக் கேக்கும். என்னப்பா இது, கையெல்லாம் ஐஸ் மாதிரிக் கிடக்குது? மழைக்கையோ நடந்து வந்தனீர்? டிசம்பர் மாசம் வெயில் எண்டு சொல்லுவினம், நம்பாதையும். உந்தச் சாப்பாடு சூடாக்கிற பெட்டிக்குப் பக்கத்தில வந்து நில்லும். அவசரம் ஒண்டும் இல்லையே? நல்லது.

எங்க விட்டனான்? ஓ, நிக்கலஸ் மாஸ்ரர். மன்னாரில படிப்பிச்ச மனுசன். இஞ்ச வந்து புக்கெகோஹித் தோட்டத்தில வெங்காயம் மூட்டை கட்டுறார். வருசா வருசம் எங்கட நத்தார் ஒளிவிழாவுக்கு நாடகம் எழுதிப் போடுறது அவர்தான். எட்டு வருசமாக் கதாநாயகி நான்தான். எழுதுறது எண்டு சொல்லுறன், அது எப்பிடி எழுதப்படுறது எண்டு கேட்டீரெண்டா சிரிப்பீர். சனிக்கிழமையில தன்ர ஓட்டைக் காரில வருவார். அந்தா, அந்தச் சாண்ட்விச் பாண் அடுக்கிற தட்டடியில நிப்பார். நிண்டுகொண்டு, "பேர்ணடெட், புருசன்காரன் சம்பளக் காசைக் குதிரை ரேசில விட்டிட்டு வீட்டுக்கு வாறான். நீர் என்ன சொல்லுவீர்?" எண்டு கேப்பார். அவ்வளவுதான். நான் வாயைத் திறப்பன். பால் விப்பன், பேப்பர் விப்பன், அதுக்குள்ள அந்த இல்லாத புருசனுக்குக் கிழி கிழியெண்டு கிழிப்பன். மாஸ்ரர் எழுதிக்கொண்டே இருப்பார். இவர் பின் அறையில இருந்து எட்டிப் பாப்பார், உது நாடகத்துக்கோ தனக்கோ எண்டு. ரெண்டுக்கும்தான் எண்டு ஒரு நாளும் சொன்னதில்லை.

யெஸ் லவ்? த புளூ மில்க்? அற் த பக், டார்லிங்... தாங்க்யூ, ஹாவ் எ குட் டே!

நல்ல மனிசி, அடுத்த தெரு. ஆ, சத்திரக்காரன்ர பெண்சாதி! அந்தக் கதை உமக்குச் சொல்லவேணும். பாலன் பிறப்பு நாடகம். சூசையப்பரும் மாதாவும் பெத்லகேமில இடம் கேட்டு வருகினம், சத்திரத்தில இடமில்லை எண்டு அனுப்பவேணும். வேதாகமத்தில அந்த மனிசியே இல்லை. மாஸ்ரர் எனக்காக எண்டு அவவை உண்டாக்கி விட்டவர். நான் சும்மா விடுவனே? பொண்ட் காசு குடுத்தனீங்களோ, ரெண்டு கிழமை வாடகை முன்பணம் எங்க, முந்தி இருந்த இடத்தில றெஃபரன்ஸ் இருக்கோ, பிள்ளை பிறந்தா காப்பெற் கழுவுறது ஆர் எண்டு கேட்டன் பாரும்... ஹோல் அதிருது! எல்லாரும் வந்த புதுசில வீடு தேடித் திரிஞ்ச சனம் தானே. கடைசியில சூசையப்பரா நடிச்ச பெடியன் தன்ர வசனத்தை மறந்து, "சரி அன்ரி, நாங்கள் வேற இடம் பாக்கிறம்" எண்டு இறங்கிப் போயிட்டான். மாதா தனிய நிண்டு அழுதவ. அதுவும் நடிப்பெண்டு சனம் கை தட்டினது.

அழுகை எண்டாத்தான் ஞாபகம் வருது. எங்கட நாடகத்தில அழுகைக்கு மருந்து ஒண்டும் தேவையில்லை. மாஸ்ரர் கிழமை முழுக்க வெங்காயத்துக்குள்ள நிக்கிற ஆள். சோகமான கட்டத்தில திரைக்குப் பக்கத்தில நிண்டு மூக்குத் துடைக்கிற லேஞ்சியை எடுத்து ஒரு உதறு உதறினார் எண்டா, மேடையில நாங்களும் அழுவம், முன் வரிசையில இருக்கிற சுவாமியாரும் அழுவார். பகிடி இல்லைப் பிள்ளை, மெய்யாத்தான்.

அப்பிடி நல்லாப் போய்க்கொண்டிருந்த எங்கட நாடகத்தைக் கெடுத்தது ஆரெண்டு நினைக்கிறீர்? ஸ்பெயின்காரன்! ஓம், ஸ்பெயின்காரன்! நான் அந்த நாட்டுக்கு என்ன பாவம் செய்தனான்?

நாங்கள் படக் கஸற்றும் வாடகைக்குக் குடுக்கிறனாங்கள், அந்த மூலையில பாத்திருப்பீர். சாமான் போடுற ஆள் ஒரு பெட்டி பழைய கஸற் கொண்டுவந்து இறக்கிப்போட்டுப் போனவன். அதுக்குள்ள ஸ்பெயின் படம் மூண்டு. மூண்டுக்கும் ஒரே டிரெக்டர், ஒரே நடிகை. அவருக்குப் பேர் எஸ்தெபானோ என்னவோ. அவவுக்குப் பேர் லூர்தெஸ். எங்கட லூர்து மாதாவின்ர பேர்! நான் அதைப் பாத்திட்டு, ஏதோ பக்திப் படமாக்கும் எண்டு நினைச்சு, சனிக்கிழமை பின்னேரம் மாஸ்ரரையும் மறிச்சு வைச்சு, பிள்ளையையும் கூப்பிட்டு இருத்தி, கஸற்றைப் போட்டன். பக்தியாம் பக்தி! முதல் சீனிலயே அந்த மனிசி குளிச்சுக்கொண்டு நிக்கிறா. இவர் நிப்பாட்டுறதுக்கு றிமோட் தேடுறார்... தேடுறாரோ, தேடுற மாதிரி நடிக்கிறாரோ, அந்தோனியாருக்குத்தான் வெளிச்சம். எங்கட மகள் ஜனுஷா "ஓ மை கோட், மம்!" எண்டுகொண்டு அறைக்குள்ள ஓடியிட்டாள்.

ஆனாப் பிறகு கதை நல்லாப் போச்சு. அட்டையில எழுதிக் கிடந்தது, இவை ரெண்டு பேரும் இருபது வருசமாச் சேர்ந்து படம் எடுக்கினமாம். அவர் அவவுக்கெண்டே எழுதுவாராம். அவ வரமாட்டன் எண்டா அவர் அந்த வருசம் படமே எடுக்கமாட்டாராம். கலியாணமும் இல்லை, வேற ஒரு சோலியும் இல்லை. தொழில் மட்டும்தான். எனக்கு அது நல்லாப் பிடிச்சுப் போச்சு. எங்களைப் பற்றியும் நாலு சனம் கதைக்கிறதுதானே, மாஸ்ரருக்கும் பேர்ணடெட்டுக்கும் பாண் தட்டடியில என்ன எந்த நேரமும் எண்டு. அந்த வெங்காய மணத்தோட ஆர் காதலிப்பா?

கீழ இங்கிலீஸ் எழுத்து ஓடும், மாஸ்ரருக்குக் கண்ணாடி போட்டும் பிடிபடேல்ல. நான்தான் தமிழில சொல்லிக்கொண்டு இருந்தனான். கொஞ்சம் கூடவும் சொல்லியிருப்பன். லூர்தெஸ் ஒரு சொல்லுச் சொன்னா நான் நாலு சொன்னனான். பின்ன? அந்த மனிசி புருசனை விட்டிட்டு வாறா, அவவுக்காகக் கதைக்க ஒரு ஆள் வேண்டாமே? இவர் பின்னால இருந்து, "கீழ அவ்வளவு எழுத்து இல்லையே" எண்டுறார். வருசத்தில ஒருக்கா வாய் திறக்கிற மனுசன், திறந்தது உதுக்கு!

...உந்தக் கூட்ஸ் ரெயின் போகட்டும்... ச்சே, என்னத்துக்கு நிப்பாட்டுவான், அதுக்கு மேலால கதைக்க எனக்குத் தெரியும். படம் முடியப்போகுது. லூர்தெஸ் குசினி ஜன்னலடியில நிக்கிறா. ஒண்டும் செய்யேல்ல, ஒண்டும் சொல்லேல்ல. கீழ எழுத்தும் இல்லை. நான் என்னத்தைச் சொல்ல? வாயைத் திறந்தபடி இருக்கிறன். காமரா மெல்ல மெல்ல அவவின்ர முகத்துக்குக் கிட்டப் போகுது. மாஸ்ரர் கதிரை நுனிக்கு வந்திட்டார். படம் முடிஞ்சாப் பிறகு கஸற்றைத் திருப்பிப் போட்டு அந்த இடத்தை மட்டும் இன்னொருக்காப் பாத்தவர். தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது, குடிக்கேல்ல. எனக்கு அப்பவே விளங்கியிருக்கவேணும்.

அடுத்த சனி வாறார், கேள்வி இல்லை! "நீர் என்ன சொல்லுவீர்" எண்டு கேக்கவே இல்லை! இந்த வருசம் நாடகத்துக்குப் பேர் 'அழைப்பு', கடைசிக் கட்டத்தில உமக்கு வசனம் இல்லை எண்டு சொல்லிப்போட்டார். ரெலிபோன் வரும், எடுக்கவேணும், கேக்கவேணும், வைக்கவேணும். வைச்சிட்டு, மேசையில இருக்கிற பாணை ஒவ்வொண்டா நேரா அடுக்கவேணும். முடிஞ்சுது, திரை. "ஆர் எடுத்தது? என்ன செய்தி?" எண்டு கேட்டன். "அது சனத்துக்குத் தேவையில்லை" எண்டார். தேவையில்லையோ! எங்கட சனத்துக்கோ! பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த கடிதத்தில என்ன எழுதிக் கிடக்கெண்டு அறியாட்டி நித்திரை கொள்ளாத சனம் பிள்ளை!

"பேர்ணடெட், அந்த ஹோலில இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் அப்பிடி ஒரு ரெலிபோன் கோல் வந்திருக்கும். நீர் வாய் திறந்து சொன்னீரெண்டா அது உம்மட கதை. சொல்லாட்டி அது அவையின்ர கதை." ஒத்திகையில வைச்சு இப்பிடிச் சொல்லுறார். எனக்கு விசர் வந்திட்டுது. "மாஸ்ரர், உதுக்கு நான் எதுக்கு? ஒரு தூணுக்குச் சீலையைச் சுத்தி நிப்பாட்டுங்கோ!" எண்டு சொல்லி, அத்தனை பேருக்கு முன்னாலயும் ரெலிபோனை மேசையில போட்டிட்டு ஒத்திகையை விட்டு வந்திட்டன். அது போன கிழமை. வாற சனிக்கிழமை ஒளிவிழா. இண்டைக்குக் கடை பூட்டுறதுக்குள்ள நான் மறுமொழி சொல்லாட்டி எங்கட நாடகத்தில கூட நடிக்கிற அஞ்சலினாவைப் போடுறதாம். அஞ்சலினா! அவ மேடையில ஏறினா மைக் எது ஆள் எது எண்டு தெரியாது.

எட்டு வருசம் பிள்ளை. எட்டு வருசமா நான் இல்லாம ஒரு நாடகம் இல்லை. இந்தக் கடையில விடிய ஆறு மணியில இருந்து பால், பாண், பேப்பர், சிகரெற், "தாங்க்யூ லவ்", "ஹாவ் எ குட் டே"... சனிக்கிழமை அந்தக் கார் வந்து நிண்டாத்தான் நான் நானா இருக்கிறது. அதை அஞ்சலினாவுக்குக் குடுக்க எனக்கு வயிறு எரியுது. எரியாதே? நீரே சொல்லும்.

இவரைக் கேட்டன், தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் எண்டு விளங்கேல்ல. ஜனுஷாவைக் கேட்டன். "மம், யூ ஸ்ராட்டட் இற்" எண்டாள். நான் தொடங்கினதாம்! கதவுக்குப் பின்னால நிண்டு கேட்டிருக்கிறாள் பிசாசு.

அது... என்னெண்டா... படம் முடிஞ்ச அண்டைக்கு நான் ஒரு கதை சொன்னனான். சும்மா ஒரு கதை. "பாத்தீங்களே மாஸ்ரர், அந்த மனுசன் தன்ர நடிகையின்ர முகத்தை எப்பிடிப் பாக்கிறார். நீங்கள் எட்டு வருசமா உங்கட பேப்பரைத்தான் பாத்தீங்கள். என்ர வாயை மட்டும்தான் எழுதினீங்கள். எனக்கு ஒரு முகம் இருக்கெண்டு உங்களுக்குத் தெரியுமோ?" எண்டு கேட்டுப்போட்டன். கோவத்தில இல்லை, பகிடிக்குத்தான். சரி, கொஞ்சம் கோவத்திலயும்தான். லூர்தெஸ்ஸைப் பாத்து எனக்குப் பொறாமை பிள்ளை, பொய் ஏன் சொல்லுவான். வேலியால போன ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ள விட்டது நான்தான்.

ஹாய் டார்லிங், த லொலிஸ் ஆர் ஓவர் தெயர்... நோ, நோ, லீவ் இற், நெக்ஸ்ற் ரைம். பை பை.

மாஸ்ரர் அண்டைக்குக் கஸற்றைப் பெட்டியில போட்டு வைச்சிட்டுப் போனவர். ஒத்திகையிலதான், நான் ரெலிபோனைப் போட்டிட்டு வாசலுக்கு வரேக்க, பின்னால ஓடி வந்து சொன்னவர். "பேர்ணடெட், எனக்கு உம்மட முகம் தெரியும். நான் இதை லூர்தெஸ்ஸிட்ட எடுக்கேல்ல" எண்டு. அதைக் கேட்டாப் பிறகுதான் நான் கார்க் கதவை அடிச்சுச் சாத்தினது. வசனம் இல்லாததுக்கு இல்லைப் பிள்ளை. சனத்துக்கெல்லாம் வசனம் எண்டுதான் சொல்லிக்கொண்டு திரியிறன்.

அந்தப் பாண் இருக்கே... தொண்ணூற்றைஞ்சு கடைசி. சனம் எல்லாம் யாழ்ப்பாணத்தை விட்டு மழைக்குள்ள வெளிக்கிட்ட நேரம். எங்கட ஆக்கள் எங்கயெண்டு கன நாளா ஒரு தகவலும் இல்லை. ஒரு சனிக்கிழமை, இந்தா, இந்தச் சுவர் போன்தான், கொழும்பில இருந்து மச்சாள் எடுத்தவ. அப்பா நடந்து போகேக்க, வழியில... செத்து ஒரு மாசமாம். அதுக்குப் பிறகுதான் எங்களுக்குச் செய்தி. மாஸ்ரர் அந்தப் பாண் தட்டடியில நிண்டவர். நான் ஒண்டும் கதைக்கேல்ல. மச்சாள் அழுதுகொண்டு ஹலோ ஹலோ எண்டுறா, எனக்கு வாய் வரேல்ல. போனை வைச்சிட்டு, போய்ப் பாணை அடுக்கினன். அடுக்கின பாணைத் திருப்பியும் அடுக்கினன். பிறகு ஆரோ பால் கேட்டினம், எடுத்துக் குடுத்தன். "ஹாவ் எ குட் டே" எண்டும் சொன்னன் பிள்ளை. அதை நினைச்சாத்தான் எனக்கு இப்பவும் ஆறேலாமக் கிடக்குது.

அண்டைக்கு மாஸ்ரர் பேப்பர் எடுக்கவும் இல்லை, எழுதவும் இல்லை. போகேக்க கடைக் கதவைச் சத்தம் வராமச் சாத்திட்டுப் போனவர். நான் நினைச்சன், மனுசன் கவனிக்கேல்ல எண்டு.

இப்ப அதைக் கொண்டுபோய் மேடையில செய்யட்டாம். எப்பிடிச் செய்யிறது? சும்மா நிக்கிறது ஒரு நடிப்போ? இல்லை, நீர் ஒருக்காப் பாத்துச் சொல்லும். உமக்கு எங்களை ஆரையும் தெரியாது, அதுதான் நல்லது. அந்தப் பாண் தட்டடியில போய் நில்லும். இன்னும் கொஞ்சம் அங்கால. ஆ, அவர் நிண்ட இடம். இப்ப போன் அடிக்குது எண்டு வையும். நான் எடுக்கிறன்.

...

...

...

...கண்டீரே, ஒண்டுமே இல்லை! ஒரு பாணையும் ரெண்டு பாணையும் அடுக்கிறதை ஆர் ரிக்கெற் எடுத்து வந்து பாப்பினம்? நான் சொன்னனான் தானே மாஸ்ரருக்கு... என்ன பிள்ளை? ஏனப்பா அழுறீர்? ஐயோ, என்ன இது, இஞ்ச வெங்காயம் ஒண்டும் இல்லையே!

இரும், இரும். இந்தக் கதிரையில இரும். கையில என்னத்தை இப்பிடி இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு... கார்ட். நீர் கார்ட் வாங்க வந்தனீர். நானும் ஒரு மாடு மாதிரி, ஆருக்கு எடுக்கப் போறீர் எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்ல. வந்த நேரம் தொட்டு என்ர நாடகம், என்ர வசனம்... ஊரில இருந்து ஏதும் தகவல் வந்ததோ? இல்லை, வரேல்லையோ? வரேல்ல. எடுக்கப் பயமாக் கிடக்குதோ? அதுதானே கை குளிர்ந்து கிடந்தது.

பொறும், உந்தப் போன் அடிக்குது. மாஸ்ரராத்தான் இருக்கும், கடை பூட்டுற நேரம். ...ஹலோ. ஓம் மாஸ்ரர். செய்யிறன். ...இல்லை, வசனம் ஒண்டும் வேண்டாம். ...இல்லை, கோவம் இல்லை. அஞ்சலினாவுக்கு நீங்களே சொல்லுங்கோ. ...பிறகு கதைப்பம் மாஸ்ரர், இஞ்ச ஆள் இருக்குது. வைக்கிறன்.

இஞ்சாருங்கோ! அன்றூ! ஒரு தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாங்கோ, சீனி கூடப் போட்டு! நான் கதவில உந்தப் பலகையைத் திருப்பிப் போட்டு வாறன். இனி ஒருத்தருக்கும் பாலும் இல்லை, பாணும் இல்லை. போன் எடுக்கிறதெண்டா இஞ்ச இருந்தே எடுக்கலாம், நான் பக்கத்தில நிப்பன். முதல்ல உம்மட மனசில கிடக்கிறதைச் சொல்லும். ரெயின் வருது... போகட்டும், பொறும்.

போயிட்டுது. இனிச் சொல்லும் பிள்ளை. நான் வாய் திறக்கேல்ல.